‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கணினிக்குக் கற்றுக்கொடுப்போம்!

மாணவர்களே, ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? த, மி, ழ் என மூன்று. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் உங்கள் தம்பியோ தங்கையோகூட விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். ஆனால் இதே கேள்வியைப் பைத்தான் என்னும் நிரல்மொழியிடம் கேட்டால், 5 என்று பதில் வரும்.

‘ஜொகூர்’ என்று கொடுத்துப் பாருங்கள். நமக்கு 3 எழுத்து, பைத்தானுக்கு 6. ‘சிலாங்கூர்’ நமக்கு 5, அதற்கு 10. பல கோடிக் கணக்குகளை நொடியில் போடும் கணினி, எழுத்து எண்ணுவதில் ஏன் தடுமாறுகிறது? இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? இருக்கிறது. அதற்குக் கூடுதல் ‘நூலகம்’ ஒன்றை நிறுவ வேண்டும். விலை உயர்ந்த கணினி தேவையில்லை, பணமும் தேவையில்லை. இணைய உலாவி இருந்தால் போதும். எப்படிச் செய்வது, எங்கே தடங்கல் வரும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஏன் 5 என்கிறது?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். அதனால் உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் பெயர் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது.

நம் மொழியில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 எழுத்துகள். ஆனால் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128தான். 247 எழுத்துகளையும் தனித்தனியாக அதில் அடுக்க முடியாது. எனவே க, ங, ச போன்ற அகர வரிசை எழுத்துகளுக்கு ஓர் எண், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்குத் தனி எண் என்று பிரித்துவிட்டார்கள். ‘மி’ என்பது கணினியில் ‘ம’ ஒன்று, இகரத்தின் குறி ஒன்று. ‘ழ்’ என்பது ‘ழ’ ஒன்று, புள்ளி ஒன்று. இப்போது ‘தமிழ்’ என்ற சொல்லை எண்ணுங்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சரியாக ஐந்து!

பைத்தான் தவறு செய்யவில்லை. அது குறிகளை எண்ணுகிறது, நாம் எழுத்துகளை எண்ணுகிறோம்.

‘எண்ணிக்கை மாறினால் என்ன, திரையில் எழுத்து சரியாகத்தானே தெரிகிறது?’ என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சோதனை செய்து பார்ப்போம். ‘விகடகவி’ என்ற சொல் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். வி, க, ட, க, வி. ஒரு சொல் இப்படிப்பட்டதா என்று கண்டுபிடிக்கும் சிறு நிரலை எழுதி ‘விகடகவி’யைக் கொடுத்தால், பைத்தான் ‘பொய்’ என்று சொல்லும். காரணம், அது குறிகளைத் திருப்பிப் போடுகிறது. கடைசியில் இருந்த இகரக் குறி, தாங்கிப் பிடிக்க எழுத்தே இல்லாமல் முதலில் வந்து நிற்கும். ‘தமிழ்’ என்பதைத் திருப்பினாலும் ‘ழ்மித’ வராது. புள்ளி தனியே தொங்க, அடுத்து ‘ழிமத’ என்று வரும்.

திருக்குறளில் எந்த எழுத்து அதிகம் வருகிறது, ஒரு பாடலில் எதுகை எங்கே இருக்கிறது, சொல் விளையாட்டுக்கு நான்கெழுத்துச் சொற்கள் எவை என்று ஆராய நினைத்தால், இந்த அடிப்படைக் கணக்கே பிசகிவிடும். அதன் மேல் கட்டும் எல்லாமே பிசகிவிடும்.

நூலகம் என்றால் என்ன?

உங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பீக்கர், சோதனைக்குழாய், புன்சன் விளக்கு எல்லாம் அலமாரியில் எப்போதும் இருக்கும். வழக்கமான சோதனைகளுக்கு அவை போதும். சிறப்பான ஒரு சோதனைக்கு வேண்டிய கருவி அலமாரியில் இல்லையென்றால், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும்.

நிரல்மொழியும் அப்படித்தான். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த குய்டோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தானுடன் சில அடிப்படைக் கருவிகள் கூடவே வரும். மற்றவற்றை உலகெங்கும் உள்ளவர்கள் எழுதி, ‘பைப்பிஐ’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன. ஒருவர் ஒருமுறை எழுதியதை மற்றவர்கள் மறுபடியும் எழுதத் தேவையில்லை. இப்படி எடுத்துப் பயன்படுத்தத் தயாராக உள்ள நிரல் தொகுப்பைத்தான் நூலகம் என்கிறோம். எண் அட்டவணைகளுக்கு நம்பை, இயற்கணிதத்துக்கு சிம்பை, வரைபடங்களுக்கு மேட்பிளாட்லிப் ஆகியவை புகழ்பெற்றவை.

தமிழுக்கும் ஒரு நூலகம் இருக்கிறது. அதன் பெயர் ‘ஓப்பன்-தமிழ்’. தமிழிலேயே நிரல் எழுதும் ‘எழில்’ மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்கள் பலரும் சேர்ந்து வளர்த்தது இது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தி மேம்படுத்தவும் செய்யலாம்.

கணினித் தமிழில் நம் நாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிவிட்டார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. அந்த வரிசையில் அடுத்து வரப்போகிறவர்கள் நீங்கள்தான்.

எங்கே செய்து பார்ப்பது?

பள்ளிக் கணினிகளில் புதிய மென்பொருளை நிறுவப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. வீட்டில் இருப்பது பழைய மடிக்கணினியாக இருக்கலாம். இந்த இரண்டு தடைகளையும் தாண்ட உதவுபவை இணையவழிக் கணக்குத் தளங்கள். அங்கே நீங்கள் எழுதும் நிரல் உங்கள் கணினியில் ஓடாது. தொலைவில் உள்ள சர்வர் ஒன்றில் ஓடி, விடை மட்டும் உங்கள் திரைக்கு வரும்.

இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. நூலகமும் களஞ்சியத்திலிருந்து நேராக அந்தச் சர்வருக்கே இறங்குகிறது. 100 மெகாபைட் நூலகமாக இருந்தாலும் உங்கள் கைப்பேசியின் டேட்டா அதற்காகக் கரையாது.

இரண்டு தளங்களை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாவது கோகால்க். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஸ்டைன், விலை உயர்ந்த கணித மென்பொருள்களுக்கு மாற்றாக, எல்லாருக்கும் இலவசமான ‘சேஜ்’ மென்பொருளை 2005இல் தொடங்கினார். அதை உலாவியிலேயே பயன்படுத்த 2013இல் ஒரு தளம் வந்தது. 2017இல் அதற்குக் கோகால்க் என்று பெயர் மாறியது. கணிதத்துக்கு வேண்டிய பல நூலகங்கள் அங்கே முன்கூட்டியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது கூகளின் கொலாப். கூகள் கணக்கு இருந்தால் போதும், உடனே தொடங்கலாம்.

இரண்டிலுமே நீங்கள் ‘நோட்புக்’ எனப்படும் பக்கத்தில் வேலை செய்வீர்கள். அதில் பெட்டி பெட்டியாக நிரல் எழுதலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் விடை அதன் கீழேயே தெரியும்.

கவனியுங்கள், இரண்டு தளங்களும் பெரிய அலமாரியோடுதான் வருகின்றன. நம்பை இருக்கும், மேட்பிளாட்லிப் இருக்கும். ஓப்பன்-தமிழ் அந்த அலமாரியில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உலகில் பெரும்பான்மையோர் கேட்பதைத்தான் முதலிலேயே அடுக்கி வைப்பார்கள். தமிழுக்கு வேண்டியதை நாம்தான் கொண்டுவர வேண்டும். அதனால்தான், தமிழில் எதையாவது ஆராய விரும்பும் மாணவருக்கு நூலகம் நிறுவத் தெரிந்திருப்பது முதல் பாடமாகிறது.

ஐந்து படிகள்

இங்கே கட்டளைகளை ஒலிபெயர்த்துத் தமிழில் தருகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள்.

படி 1: முதலில் அளவெடுங்கள். புதிய நோட்புக்கைத் திறந்து, லென்("தமிழ்") என்று எழுதி ஓடவிடுங்கள். 5 வரும். மாற்றம் செய்வதற்கு முன் நிலைமை என்ன என்று குறித்துக்கொள்வது எந்த அறிவியல் சோதனைக்கும் முதல் வேலை.

படி 2: நிறுவுங்கள். அடுத்த பெட்டியில் %பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ் என்று எழுதுங்கள். ‘பிப்’ என்பது களஞ்சியத்துக்குப் போய்த் தொகுப்பை எடுத்து வரும் ஆள். முன்னால் உள்ள % குறியை விட்டுவிடாதீர்கள். ‘இது பைத்தான் வரி அல்ல, நோட்புக்குக்கு இடும் கட்டளை’ என்பது அதன் பொருள். சில வரிகள் ஓடி, கடைசியில் வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்ற செய்தி வரும்.

படி 3: தேவையானால் மறுதொடக்கம் செய்யுங்கள். நோட்புக்கின் பின்னால் உங்கள் நிரலை ஓட்டும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால், புதிதாக வந்ததைச் சில நேரம் கவனிக்காது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் அலமாரியை மறுபடியும் பார்க்கும்.

படி 4: அழையுங்கள். இம்போர்ட் தமிழ் என்று எழுதுங்கள். நிறுவும்போது கொடுத்த பெயர் ‘ஓப்பன்-தமிழ்’, அழைக்கும் பெயர் வெறும் ‘தமிழ்’. நிறுவும் பெயரும் அழைக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படங்களுக்கான ‘பில்லோ’ நூலகத்தை ‘பிஐஎல்’ என்றுதான் அழைக்க வேண்டும்.

படி 5: மறுபடியும் அளவெடுங்கள். தமிழ்.யூடிஎஃப்8.கெட்_லெட்டர்ஸ்("தமிழ்") என்று எழுதுங்கள். த, மி, ழ் என்று மூன்று எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து ஒரு பட்டியலாக வரும். அந்தப் பட்டியலுக்கு லென் கொடுத்தால் 3. பட்டியலைத் திருப்பிப் போட்டு ஒப்பிட்டால், ‘விகடகவி’க்கும் இப்போது ‘மெய்’ என்று பதில் வரும்.

‘ஆயர் ஈத்தாம்’ என்ற எங்கள் ஊர்ப் பெயரையும் சோதித்துப் பாருங்கள். இடைவெளியை விட்டுவிட்டால் முதல் முறையில் 11, இரண்டாம் முறையில் 7 வர வேண்டும்.

தடங்கல் வந்தால்?

சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் பயப்படாதீர்கள். அதன் கடைசி வரியை முதலில் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று வந்தால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, அழைக்கும் பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம். இன்னொன்று சற்று நுட்பமானது. ஒரே சர்வரில் பல பைத்தான்கள் இருக்கும். கோகால்க்கில் சாதாரணப் பைத்தான் ஒன்று, சேஜுக்குள் இருக்கும் பைத்தான் ஒன்று. ஓர் அலமாரியில் வைத்துவிட்டு இன்னோர் அலமாரியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? %பிப் என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான். நோட்புக் எந்தப் பைத்தானைப் பயன்படுத்துகிறதோ, அதே அலமாரியில் அது கொண்டுவந்து வைக்கும்.

கோகால்க்கில் இந்தச் சோதனைக்குச் சேஜ் கெர்னலை விட, சாதாரணப் பைத்தான் கெர்னலையே தேர்ந்தெடுங்கள். சேஜுக்கென்று சில தனிப் பழக்கங்கள் உண்டு. 2/4 என்று கொடுத்தால் பைத்தான் 0.5 என்னும், சேஜ் 1/2 என்று பின்னமாகவே சுருக்கித் தரும். கணக்குக்கு அது அருமை. ஆனால் சேஜின் எண்ணும் பைத்தானின் எண்ணும் ஒரே வகை அல்ல என்பதால், வெளியிலிருந்து வந்த நூலகம் சில சமயம் குழம்பிவிடும்.

‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்று வந்தால், உங்கள் வீட்டு வைஃபையைக் குறைசொல்லாதீர்கள். இங்கே பேசப்படுவது சர்வரின் இணைப்பு. கோகால்க்கில் கட்டணம் இல்லாத கணக்குகளில் சர்வரிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருப்பது வழக்கம். இலவச வசதியைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஏற்பாடு அது. அப்போது பிப்பால் களஞ்சியத்துக்குப் போக முடியாது. மாற்று வழி: பைப்பிஐ பக்கத்திலிருந்து ‘வீல்’ எனப்படும் நிறுவற்கோப்பை உங்கள் கணினியில் இறக்கி, கோகால்க்கில் ஏற்றி, பிப் இன்ஸ்டாலுக்குப் பின்னால் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அல்லது அதே சோதனையைக் கொலாப்பில் செய்யுங்கள்.

‘அனுமதி இல்லை’ என்று வந்தால், எல்லாருக்கும் பொதுவான அலமாரியில் வைக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள். கட்டளையில் --யூசர் என்று சேர்த்தால், உங்களுக்கு மட்டும் உரிய இடத்தில் நூலகம் அமரும்.

நேற்று வேலை செய்தது இன்று காணவில்லையா? கொலாப்பில் இது இயல்பு. அது உங்களுக்குத் தற்காலிகமாக ஒரு கணினியைக் கடன் கொடுக்கிறது. இலவசக் கணக்கில் அதிகபட்சம் 12 மணி நேரம்தான். சும்மா விட்டுவிட்டால் அதற்கு முன்பே இணைப்பு அறுந்துவிடும். நோட்புக் பத்திரமாக இருக்கும், நிறுவிய நூலகம் போய்விடும். எனவே நிறுவும் கட்டளையை நோட்புக்கின் முதல் பெட்டியிலேயே விட்டுவையுங்கள். கோகால்க்கில் உங்கள் சொந்த இடத்தில் நிறுவியது அப்படியே தங்கியிருக்கும்.

பெயரைப் பார்த்து நிறுவுங்கள்

களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் தொகுப்பை வைக்கலாம் என்றேன். அதுவே அதன் பலம், அதுவே ஆபத்தும்கூட. 2017 செப்டம்பரில் சுலோவாக்கியா நாட்டின் பாதுகாப்பு அதிகாரிகள், பைப்பிஐயில் பத்துப் போலித் தொகுப்புகள் இருப்பதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். ‘யூஆர்எல்லிப்3’ என்னும் புகழ்பெற்ற நூலகத்தின் பெயரில் ஓர் ‘எல்’ எழுத்தைக் குறைத்து வைத்த தொகுப்பு அவற்றில் ஒன்று. அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுத் தட்டச்சு செய்பவர் போலியை நிறுவிக்கொள்வார். அந்தத் தொகுப்புகள் நிறுவிய கணினியின் விவரங்களை இரகசியமாக வெளியே அனுப்பின.

இணையத் தளத்தில்தானே நிறுவுகிறோம், நமக்கென்ன என்று இருந்துவிடக்கூடாது. கொலாப்போடு உங்கள் கூகள் டிரைவை இணைத்திருந்தால், அங்கே ஓடும் நிரல் அதில் உள்ள கோப்புகளையும் தொட முடியும். ஆகவே மூன்று பழக்கங்கள்: பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தொகுப்பின் பக்கத்தில் யார் எழுதியது, எப்போது புதுப்பித்தது என்று படியுங்கள். கடவுச்சொல்லை ஒருபோதும் நோட்புக்கில் எழுதாதீர்கள்.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளுங்கள். நூலகங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக் களஞ்சியத்திலிருந்து ‘லெஃப்ட்-பேட்’ என்ற சின்னஞ்சிறு தொகுப்பை அதை எழுதியவர் நீக்கிவிட்டார். அதில் இருந்தது 11 வரி நிரல்தான். ஆனால் அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நிரல்கள் உலகெங்கும் நின்றுபோயின. பெரிய கட்டடத்தின் அடியில் ஒரு சின்னக் கல் இருந்திருக்கிறது!

அறிக்கையில் எழுதுங்கள்

அறிவியல் செய்முறை அறிக்கையில் ‘பயன்படுத்திய பொருள்கள்’ என்று ஒரு பகுதி எழுதுவோம் அல்லவா? நிரலுக்கும் அது வேண்டும். பிப் ஷோ ஓப்பன்-தமிழ் என்று கொடுத்தால் பதிப்பு எண் வரும். அதை நோட்புக்கில் குறித்து வையுங்கள். நூலகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு வேறொருவர் உங்கள் சோதனையைச் செய்து வேறு விடை பெற்றால், பதிப்பு மாறியதாலா, கணக்கு தவறியதாலா என்று கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும். குறிப்பிட்ட பதிப்பே வேண்டுமென்றால், நிறுவும்போது பெயருக்குப் பின்னால் இரண்டு சமக்குறியும் அந்த எண்ணும் இட்டால் போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் பெயரையும் வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும் இரண்டு முறையிலும் எண்ணுங்கள். யாருடைய பெயரில் வித்தியாசம் மிக அதிகம்? எவருடைய பெயரிலாவது இரண்டு விடையும் ஒன்றாக வருகிறதா? வந்தால், அதில் எப்படிப்பட்ட எழுத்துகள் மட்டும் இருக்கின்றன என்று பாருங்கள்.

2. திருக்குறளின் ஓர் அதிகாரத்தை, அதாவது பத்துக் குறள்களை, நோட்புக்கில் இட்டு, அதிகம் வரும் எழுத்து எது என்று கண்டுபிடியுங்கள். கையால் ஒரு குறளை எண்ணி விடையைச் சரிபாருங்கள்.

3. சற்றுக் கடினமானது: ‘ஜொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு எண்ணாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அப்படியானால் ‘ஜொகூர்’ சில கோப்புகளில் 6, சிலவற்றில் 7 என்று வரும். இந்த இரண்டையும் ஒன்றாக்கப் பைத்தானோடு கூடவே வரும் ‘யூனிகோட்டேட்டா’ என்ற கருவி உதவும். இதை மட்டும் நிறுவ வேண்டியதில்லை, அழைத்தாலே போதும். ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது.